பழைய வேக்குவம் கிளீனர் கிடைத்ததும் துணியையும் பாலிஷையும் எடுக்காதீர்கள்

புதிதாகச் சேகரிக்க ஆரம்பித்த ஒருவர் போன மாதம் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் நின்றபடி தள்ளும் வகை வேக்குவம் கிளீனர் ஒன்று, மேலெல்லாம் புழுதியும் கறையும். இரண்டாவதில் அதே இயந்திரம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்.

அதிக விலை கொடுப்பது, பாதி பாகம் இல்லாததை வாங்கிவருவது எல்லாம் இரண்டு முறை பட்டால் தானே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பட்டாலும் திரும்பச் சரிசெய்ய முடியாதவை மட்டும் இங்கே.

## முதல் வேலையாகச் சுத்தம் செய்வது

எனக்குக் கிடைத்த முதல் அரிய இயந்திரத்துக்கு வார்ப்பு அலுமினிய அடிப்பாகம், மரக் கைப்பிடி, கறுப்புத் துணிப்பை. பையில் மங்கலாகச் சிவப்பு எழுத்துகள். கைப்பிடியில் பாதி கிழிந்த காகிதச் சீட்டு. மோட்டார் மூடியில் கறுத்துப்போன ஒரு சிறு தகடு. ஒரே மதியத்தில் மூன்றையும் முடித்தேன். பையை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தேன்; எழுத்துகள் தண்ணீரோடு போயின. சீட்டைச் சுரண்டி எடுத்தேன். இயந்திரத்தை விற்ற கடையின் பெயர் அதில்தான் இருந்தது. தகட்டை பாலிஷ் போட்டுத் தேய்த்தேன்.

அந்தத் தகடுதான் இன்றுவரை உறுத்துகிறது. இம்மாதிரித் தகடுகளில் எழுத்தைச் சுற்றியுள்ள இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாக இருக்கும், பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் நிரம்பியிருக்கும். அந்தக் கறுப்பால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். பெயின்ட் போனது, எழுத்தின் விளிம்பு மழுங்கியது. அடித்துப் பதித்த சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் 3-ஆ 8-ஆ என்று எந்த வெளிச்சத்திலும் சொல்ல முடியவில்லை. அதே உடலை வைத்துப் பல வருடம் தயாரித்த இயந்திரம் அது. எந்த வருடத்து மாடல் என்று பிரிக்க உதவுவது பையின் அச்சும் சீரியல் நம்பரும் மட்டுமே. இரண்டையும் நானே அழித்துவிட்டேன். என் அலமாரியில் அது இன்றும் "ஆண்டு தெரியவில்லை" என்ற அட்டையோடு நிற்கிறது.

பேக்லைட் என்ற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பாகங்களுக்கு இன்னும் மோசம். அச்சிலிருந்து வரும்போது பேக்லைட்டின் மேலே பிசினாலான ஒரு மெல்லிய பளபளப்புத் தோல் இருக்கும். அதன் அடியில் பெரும்பாலும் மரத்தூள் கலந்த பொருள். சொரசொரப்பான பாலிஷைப் போட்டுத் தேய்த்தால் தோல் போய் மரத்தூள் வெளியே வரும். அப்புறம் என்ன பூசினாலும் பழைய மினுமினுப்பு வராது. ஈரத்தையும் உறிஞ்ச ஆரம்பிக்கும். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1936-இல் வந்த ஹூவர் 150 வேக்குவம் கிளீனரின் பேக்லைட் மூடி இப்படிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அலுமினியத்தில் காஸ்டிக் சோடா கலந்த எதையும் போடாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்த மாதிரிப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எண்கள் நிழலோடு எழுந்து நிற்கும். சீட்டு, முத்திரை, கைப்பிடியில் பென்சிலால் எழுதியது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உலர்ந்த மென்மையான பிரஷ். ஈரத்துணி அதற்கும் பிறகு, அதுவும் கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டு.

## தகட்டில் இருக்கும் தேதியைத் தயாரித்த ஆண்டு என்று எடுப்பது

பல தகடுகளில் வரிசையாகத் தேதிகள் இருக்கும். அவை காப்புரிமை கிடைத்த நாட்கள். அமெரிக்காவில் ஒஹையோவின் கேன்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரி ஸ்பேங்லருக்கு அவருடைய மின்சார வேக்குவம் கிளீனருக்கான காப்புரிமை கிடைத்தது 1908 ஜூன் 2. அந்தத் தேதி பொறித்த இயந்திரம் அதே வருடம் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பல வருடம் பின்னாலும் செய்திருக்கலாம். வரிசையில் கடைசித் தேதியைப் பாருங்கள். இயந்திரம் அதற்கு முந்தியது அல்ல என்பது வரை உறுதி. எந்த வருடத்துக்குப் பிந்தியது அல்ல என்று தெரிய விளம்பரம், விலைப்பட்டியல், சீரியல் நம்பர் மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

## இன்றைய பெயரை வைத்துத் தேடுவது

ஸ்பேங்லரின் காப்புரிமையில் அந்த இயந்திரத்தின் பெயர் "கார்ப்பெட் ஸ்வீப்பர் அண்ட் கிளீனர்". அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஹூவர் என்று மாறுவதற்கு முன், "எலெக்ட்ரிக் சக்‌ஷன் ஸ்வீப்பர் கம்பெனி". வேக்குவம் கிளீனர் என்று மட்டும் தேடினால் பழைய பத்திரிகைகளில் பாதி கண்ணில் படாமல் போகும். சக்‌ஷன் ஸ்வீப்பர், ஸ்வீப்பிங் மெஷின் என்றும் தேடுங்கள்.

"முதல் வேக்குவம் கிளீனர்" என்று யார் சொன்னாலும் எதில் முதல் என்று கேளுங்கள். சிகாகோவின் ஐவ்ஸ் மெக்காஃபி 1869-இல் காப்புரிமை பெற்றது கையால் சுற்றி ஓட்டுவது. லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் 1901-இல் செய்தது குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும்; நீளக் குழாயை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். ஸ்பேங்லருடையது ஒருவரே வீட்டுக்குள் தள்ளிப் போகக்கூடிய மின்சார இயந்திரம்.

## வந்ததும் பிளக்கில் சொருகுவது

உள்ளே ஒயரின் ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். அமெரிக்க இயந்திரம் என்றால் 110 வோல்ட்டுக்குச் செய்தது. 230-இல் சொருகினால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் கம்பி சுற்றிய சுழலும் பகுதி, கருகிவிடும்.

## விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுவது

கூடவே கூடாது. இழுக்கச் சுமை இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

## உள்ளே இருக்கும் காகிதப்பையைத் தூக்கிப் போடுவது

எல்லோரும் தூக்கிப் போட்டதால்தான் இயந்திரத்தைவிட அதன் பழைய காகிதப்பை கிடைப்பது கஷ்டம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துக் காலி செய்யுங்கள், பையை மடித்து வையுங்கள்.

படம் அனுப்பியவரிடம் அன்றே கேட்டேன், பை எங்கே என்று. வாசலில் குப்பைக்கூடையில் இருந்தது, குப்பை வண்டி இன்னும் வரவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்தார். பையின் கழுத்து அட்டையில் மாடல் எண் தெளிவாக அச்சாகியிருந்தது.