பாரிஸ்–ரூபே பந்தயத்தை முதல் தடவை பார்ப்பது எப்படி?

ஒருநாள் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆசைப்படுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பிரான்ஸில் ஏப்ரலில் நடக்கும் பாரிஸ்–ரூபேயில் ஆரம்பியுங்கள். டூர் டி பிரான்ஸ் போல மூன்று வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கு யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் எல்லாம்.

படி 1: மாலை 5:30க்கு உட்காருங்கள். பெயரில்தான் பாரிஸ் இருக்கிறது, 1977 முதல் புறப்படுவது கொம்பியேன் ஊரிலிருந்து. மொத்தம் 260 கிலோமீட்டர் ஒட்டி வரும், முதல் 100-ல் பெரிதாக ஒன்றும் நடக்காது. நம்மூர் நேரப்படி முடிய இரவு 8 மணி தாண்டிவிடும்.

படி 2: இதில்தான் நான் கோட்டைவிட்டேன். வழியில் கருங்கல் பதித்த பழைய பாதைகள் துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டையும் செக்டர் என்பார்கள். சுமார் 30 செக்டர், கூட்டினால் 55 கிலோமீட்டர். முதல் வருஷம் நான் டிவியைப் போட்டபோது 'செக்டர் 4' என்று காட்டியது. சரி, இன்னும் 26 இருக்கிறதே என்று தோசை வார்க்கப் போனேன். திரும்பி வந்தால் ஒருவர் பெரிய கல்லைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்! எண்கள் இறங்குவரிசையில் போகும் என்று யாருமே சொல்லவில்லை. அந்த 4-தான் கார்ஃபூர் டெ லார்பர், ஐந்து நட்சத்திரக் கடினம், அது முடிந்தால் ரூபேக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் பாக்கி. (அந்தக் கல்தான் கோப்பை.)

அதனால் செக்டர் பட்டியலை ஒரு தாளில் எழுதி, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே பாருங்கள். ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, குனிந்து போனைப் பார்க்கும் நேரத்தில்தான் யாராவது விழுவார்கள்.

படி 3: கல் பாதைக்கு முந்தின இரண்டு கிலோமீட்டரைப் பாருங்கள். முக்கியமாக அரன்பெர்க் காட்டுக்குள் போகும் செக்டருக்கு முன்னால். வெட்டவெளித் தார்ச்சாலையில் அத்தனை பேரும் முன்வரிசைக்கு முட்டி மோதுவார்கள், ஏனென்றால் காட்டுப் பாதை குறுகல், முன்னால் ஒருவர் சறுக்கினால் பின்னால் வருபவர்கள் கதை கந்தல். பாதையின் நடுமுதுகு மேடாக இருக்கும், அதன்மேல் ஓட்டுவதுதான் பத்திரம்; ஓரத்தில் கற்களுக்கு நடுவே சக்கரம் சிக்கும். அவர்கள் கையைக் கவனியுங்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள், சைக்கிள் துள்ளட்டும் என்று தளர்வாக விட்டிருப்பார்கள். 1968-ல் இந்தப் பாதையைப் பந்தயத்துக்குக் காட்டிக்கொடுத்த ஸ்டாப்லின்ஸ்கி, அங்கேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த சைக்கிள் சாம்பியன்.

படி 4: முடிவு ரூபே வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத்துக்கான சுற்று மைதானம்), ஒன்றரைச் சுற்று. முடிவுக்கோட்டை முதல் தடவை தாண்டும்போது மணிதான் அடிக்கும், கை தட்டிவிடாதீர்கள், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.

ஏப்ரல் வரை பொறுக்காதவர்கள் 2016 பந்தயத்தின் கடைசி 50 கிலோமீட்டரைத் தேடிப் பாருங்கள். ஆறு வாரம் முன்பு கை முறிந்து, வீட்டுக்குள்ளேயே பயிற்சி எடுத்த மாத்யூ ஹேமன், ஐந்தாவது வெற்றிக்கு வந்த டாம் போனனைக் கடைசிச் சுற்றில் தோற்கடித்தார்.

பின்சேர்க்கை: ரயில் கேட் மூடினால் என்ன ஆகும் என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நிற்க வேண்டும். 2006-ல் மூடிய கேட்டைத் தாண்டிப் போன மூன்று பேர் முடிவுக்கோடு வரை வந்தும் தகுதி இழந்தார்கள், நான்கு பேருக்குப் பின்னால் வந்த போனனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

இன்னொரு பின்சேர்க்கை: பெண்கள் பந்தயத்தை விட்டுவிட்டேன் என்று திட்டு விழுந்தது, நியாயம்தான். முதல் பந்தயம் 2021-ல் மழைச் சேற்றில் நடந்தது. லிஸி டைக்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். கையுறை போடாத கை, அவர் இறங்கியபோது கைப்பிடி நாடாவில் ரத்தம்.