கிணற்றடி ஈரத்தில் நீர்ப்பிரமி வளர்ப்பது எப்படி?

எங்கள் வீடு ராமநாதபுரம் ஜில்லாவில், திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகிற வழியில் இருக்கிறது. கொல்லையில் ஒரு கிணறு, அதை ஒட்டித் துவைக்கிற கல், மேலே இரண்டு தென்னையும் ஒரு பூவரசும். கல்லைச் சுற்றி எந்நேரமும் ஈரம், பாதி நாளுக்கு மேல் நிழல். பூச்செடி வைத்தால் வேர் அழுகிவிடும். பல வருஷமாக அந்த இடம் பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு கிடந்தது. இப்போது அங்கே நாலு விரல் உயரத்துக்கு நீர்ப்பிரமி படர்ந்திருக்கிறது. காலையில் தண்ணீர் இறைக்கப் போனால் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் விரிந்திருக்கும்.

நம் ஜில்லாவுக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். ஆனாலும் கிணற்றடி, குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால், அடிபம்பு மேடை என்று ஒவ்வொரு கொல்லையிலும் நாலடி ஈரம் வருஷம் முழுக்க இருக்கத்தான் செய்கிறது. அந்த நாலடிக்குத்தான் இந்தச் செய்முறை.

ஏன் நீர்ப்பிரமி?

முதலில் நான் வைத்தது வல்லாரை. நிழலுக்கும் ஈரத்துக்கும் அது நல்ல செடி, சந்தேகமே இல்லை. தை வரைக்கும் செழித்தது. சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்ததும் இலை ஓரம் கருகத் தொடங்கி, ஆனிக்குள் முழுக்கப் போய்விட்டது. நம் கரையில் செடி தேடும்போது வெயில், நிழல் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரின் உப்பைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. நீர்ப்பிரமி நம் நாட்டுச் செடி. ஊருணிக் கரை, வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் என்று ஈரமுள்ள இடமெல்லாம் தானாக வரும். உவர்த் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். கழிமுக ஓரங்களில்கூட இதைப் பார்க்கலாம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். வாயில் வைத்துப் பாருங்கள். கோடையில்கூடக் குடிக்கிற மாதிரி இருந்தால் வல்லாரையே வைக்கலாம். லேசாகக் கரித்தால், வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால், நீர்ப்பிரமி. கடல் தண்ணீர் மாதிரியே கரித்தால் இதுவும் நிற்காது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

செடியை அடையாளம் காணுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ‘பிரமி’ என்ற பெயரில் பெரிய குழப்பம் உண்டு. கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வடக்கே சில இடங்களில் வல்லாரையையே அப்படிச் சொல்கிறார்கள். நான் ஒரு நர்சரியில் பிரமி என்று கேட்டு, கொடுத்த தொட்டியைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் வல்லாரை.

வல்லாரை இலை வட்டமாக, நீளக் காம்பின் மேல் குடை மாதிரி நிற்கும். நீர்ப்பிரமி இலை நகத்தளவுதான் இருக்கும். அடியில் குறுகி நுனியில் அகன்று சின்னத் துடுப்பு மாதிரி. தொட்டால் சதைப்பற்று தெரியும். காம்பில்லாமல் எதிரெதிராக, இரண்டு இரண்டாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். பூ வெள்ளை, சிலதில் இளம் ஊதா சாயல், ஐந்து இதழ். கிள்ளி நாக்கில் வைத்தால் கசக்கும். பொடுதலையும் இதே மாதிரி தரையோடு படரும், பூவும் வெளுப்புதான். ஆனால் அதன் இலை நுனியில் ரம்பப் பல் இருக்கும், பூக்கள் காம்பு நுனியில் ஒரு கொத்தாக உருண்டிருக்கும். நீர்ப்பிரமி இலையின் விளிம்பு வழவழப்பு.

ஊருணிக் கரையில் கண்டால் ஒரு கைப்பிடி கிள்ளினால் போதும், வேரோடு பிடுங்க வேண்டாம். வயல் வரப்பு என்றால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் மாதிரியான பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் கை வைக்கவே கூடாது. அங்கே கரையோரப் பச்சை பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் உரியது. நம் கொல்லைக்கு ஒரு கைப்பிடி வேறு எங்கும் கிடைக்கும்.

எப்போது நடுவது

புரட்டாசிக் கடைசி வாரம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் துண்டுகள் வேர் பிடித்திருக்க வேண்டும். மழை மண்ணில் தேங்கிய உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் இளம் வேருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனி, ஆடியில் நடாதீர்கள். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

இடத்தைத் தயார் செய்தல்

காலையில் மூன்று, நாலு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கிற நிழல்தான் இதற்குச் சரி. தென்னை ஓலை வழியாகச் சல்லடை மாதிரி விழும் வெளிச்சம் அருமையாக ஒத்துப்போகிறது. சுவருக்குப் பின்னால் கும்மிருட்டு மூலை என்றால் தண்டு மட்டும் நீளும், இலை தள்ளித் தள்ளி வரும், பூ இருக்காது.

அடுத்தது கோரைக்கிழங்கு. இதில் சோம்பல் பட்டால் வருஷம் முழுக்க அனுபவிக்க வேண்டியதுதான். கோரையை மேலே அறுத்தால் பயனில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு மணிமணியாகக் கோத்துக்கொண்டு கிடக்கும். நீர்ப்பிரமி படர்ந்த பிறகு அதைத் தோண்டினால் இதுவும் சேர்ந்து வந்துவிடும். அதனால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துச் சலித்து, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் காயப் போடுங்கள். பத்து நாள் விட்டு மறுபடி பாருங்கள், தப்பியது முளைத்திருக்கும். அதையும் எடுங்கள். நான் மூன்று தடவை எடுத்தேன்.

நம் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. தோண்டின குழியின் அடியில் பழைய உரச் சாக்கைப் பிரித்து விரித்து, அங்கங்கே ஆணியால் ஓட்டை போடுங்கள். அதன் மேல் கண்மாய் வண்டல் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, எடுத்த மணலில் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலேயே உப்பு இருக்கும். கரிசல் மண் உள்ள ஊர்க்காரர்களுக்குச் சாக்கு தேவையில்லை.

நடுதல்

தண்டை ஆள்காட்டி விரல் நீளத்துக்கு நறுக்குங்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து கணு இருக்கட்டும். நறுக்குவதற்கு முன் வாளித் தண்ணீரில் அலசிவிடுங்கள். நத்தை முட்டையும் ஆகாயத்தாமரைத் துணுக்கும் ஒட்டி வருவது உண்டு. அடி இரண்டு கணுவில் இலையைக் கிள்ளிவிட்டு, துண்டைச் சாய்த்துப் படுக்க வைத்து அந்தக் கணுக்களை மண்ணில் புதையுங்கள். ஒவ்வொரு கணுவும் வேர் விடும், அதனால்தான் இது பாய் மாதிரி படர்கிறது. துண்டுக்குத் துண்டு ஒரு சாண் விட்டால் போதும்.

முதல் பத்து நாள் மண் காயவே கூடாது. காலையும் மாலையும் பூவாளியில் தெளியுங்கள். அப்புறம் கோழி. புதிதாகக் கிளறின மண்ணைக் கண்டால் கோழி சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே பாதித் துண்டுகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மதினிதான் “கருவ முள்ளை வெட்டிப் படுக்கப் போடும்மா” என்றார்கள். வேர் பிடிக்கும் வரை அப்படியே போட்டு வைத்தேன், ஒரு துண்டும் போகவில்லை.

நடந்து போகிற வழியில் உடைந்த ஓடு நாலைந்தைப் பதித்துவிடுங்கள். எப்போதாவது மிதிபடுவதைச் செடி தாங்கும், தினமும் என்றால் தேய்ந்துவிடும். எங்கள் பாத்தியில் மார்கழி முடிவதற்குள் வெறும் மண் கண்ணுக்குத் தெரியவில்லை.

தண்ணீரும் சோப்பும்

துவைத்த தண்ணீர் பாத்தி வழியாக ஓடுவதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நுரை தடித்த முதல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அலசுகிற தண்ணீரை மட்டும் விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மண் சொதசொதவென்று இருக்கலாம், மேலே தண்ணீர் குளம் கட்டி நிற்கக் கூடாது. கொசு முட்டையிட்டுப் புழுவாக ஒரு வாரமே அதிகம். குழி விழுந்த இடத்தில் ஒரு கைப்பிடி வண்டலைப் போட்டு மேடாக்குங்கள்.

இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: இந்தப் பாத்தியிலிருந்து கிள்ளிச் சாப்பிடாதீர்கள். ஞாபக சக்திக்கு நல்லது என்று பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுக்க ஆசை வரும். நீர்ப்பிரமி மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தன் உடம்பில் இழுத்துச் சேர்த்துக்கொள்கிற செடி. சாக்கடை ஓரத்தில் வளர்ந்தது பார்க்க அழகு, அவ்வளவுதான். மருந்துக்கு வேண்டுமானால் சுத்தமான மண்ணில், நல்ல தண்ணீரில் தனித் தொட்டி வையுங்கள். எவ்வளவு எடுப்பது என்பதைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கோடை

சித்திரை, வைகாசியில் இலை சிறுத்து நிறம் மங்கும். பயப்பட வேண்டாம். மாலையில் மட்டும் தண்ணீர் விட்டு, காய்ந்த தென்னை ஓலையை லேசாக மேலே போடுங்கள். மண் மேல் உப்புப் பூத்தால் சேர்த்து வைத்த நல்ல தண்ணீர் இரண்டு குடத்தை ஒரே மூச்சில் ஊற்றிக் கழுவி இறக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு அங்கேயே தங்கிவிடும். ஓரங்கள் காய்ந்தாலும் கணுவில் உயிர் இருக்கும், மழை விழுந்ததும் தளிர்க்கும்.

புரட்டாசி வந்ததும் கத்தரிக்கோலால் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டியதைத் தூக்கிப் போடாமல் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். போன வருஷம் வெட்டியது மதினி வீட்டு அடிபம்பு மேடைக்குப் போனது.