வினைச்சொல் கடைசியில் வரட்டும்: சொந்த நிரல்மொழியை ஒரே ராத்திரியில் ஓடவைப்பது எப்படி

சோமனூர்ப் பக்கம், விசைத்தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். சொந்தமாக ஒரு நிரல்மொழி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது. காரணம் ஒன்றுதான். முதல் நாளே இலக்கணம் எழுத உட்கார்ந்தேன். அடைப்புக்குறி, எந்தக் கணக்கு முதலில் நடக்க வேண்டும் என்கிற முன்னுரிமை, வரி எங்கே முடிகிறது என்று அதிலேயே ஒரு மாதம் போய்விடும், திரையில் ஒரு எண்கூட வந்திருக்காது. நாலாவது தடவை வேறு வழியில் போனேன், அன்று ராத்திரியே மொழி ஓடியது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், உங்கள் மொழி செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பிடியுங்கள். எல்லா வேலைக்கும் ஆகிற மொழி வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நான் எடுத்தது பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்கு, எத்தனை கிலோ நூல் வேண்டும் என்ற கணக்கு. உங்களுக்கு அது தென்னந்தோப்புக் கணக்காக இருக்கலாம், கோழிப்பண்ணைத் தீவனக் கணக்காக இருக்கலாம். தினமும் கையில் படுகிற விஷயமாக இருந்தால்தான் அடுத்த வாரமும் அதைத் திறப்பீர்கள்.

அடுத்தது அடுக்கு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்த மூட்டையைத்தான் முதலில் எடுக்க முடியும். நம் மொழியில் எண் வந்தால் அடுக்கின் மேல் போய் உட்காரும். வினைச்சொல் வந்தால் மேலே இருப்பதை எடுத்து, வேலையை முடித்து, விடையைத் திரும்ப மேலே வைக்கும். இலக்கணம் அவ்வளவுதான். 1970 வாக்கில் சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் இந்த வகைதான், அச்சு எந்திரங்களுக்கான போஸ்ட்ஸ்கிரிப்டும் இதே வகை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. தமிழில் நாம் "மூன்றையும் நாலையும் கூட்டு" என்றுதான் சொல்கிறோம், வினை கடைசியில்தான் வருகிறது. அடுக்கு மொழியிலும் அப்படியே:

3 4 கூட்டு எழுது

எழில் போல வழக்கமான நிரல் அமைப்பைத் தமிழில் தருகிற மொழிகள் உண்டு, அவற்றின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் முதல் மொழியைத் தனியாளாக எழுதுகிறவருக்கு இந்த வரிசை வாயில் தானாக வருகிறது.

சரி, எழுதலாம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒரு வரியை வாங்கி, இடைவெளி இருக்கிற இடத்தில் வெட்டி, சொற்களைப் பட்டியலாக்குங்கள். ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள்: எண்ணாக மாறுமா? மாறினால் அடுக்கில் போடுங்கள். மாறாவிட்டால் உங்கள் அகராதியில் தேடி, அதற்கு எதிரே இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அகராதியிலும் இல்லையா, எத்தனையாவது சொல் புரியவில்லை என்று தமிழிலேயே சொல்லி நிறுத்துங்கள். கூட்டு, கழி, பெருக்கு, வகு, எழுது என்ற ஐந்து சொல்லோடு நாற்பது ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும்.

இப்போது என் கணக்கு. பருத்தி நூலில் ஒரு நம்பர் நூலின் எடை ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 590.5 கிராம், 40 நம்பர் என்றால் அதில் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை என்பதுதான் நூல் நம்பர் என்பதால் இப்படி வருகிறது. 2400 இழை, 100 மீட்டர், 40 நம்பர் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் புதுச்சொல் ஒன்றைச் சேர்த்தேன்:

பாவெடை என்றால் வகு பெருக்கு 0.5905 பெருக்கு 1000 வகு முடி
2400 100 40 பாவெடை எழுது

மெதுவாகப் பாருங்கள். அடுக்கில் 2400, 100, 40. முதல் வகு 100ஐ 40ஆல் வகுத்து 2.5 வைக்கிறது. பெருக்கியதும் 6000. அடுத்த பெருக்கில் 3543, அது கிராம். ஆயிரத்தால் வகுத்தால் 3.543 கிலோ.

இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் தடவை விடை 1.764 என்று வந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, "ஏங்கண்ணு, ஒன்னே முக்கா கிலோ நூல்ல இவ்வளவு பாவு எப்படி வரும்?" என்றார். அடுக்கிலிருந்து முதலில் கைக்கு வருவது வகுக்கிற எண், இரண்டாவதாக வருவதுதான் வகுபடுகிற எண். நான் மாற்றிப் போட்டதால் முதலில் 40ஐ 100ஆலும், கடைசியில் 1000ஐ 566.88ஆலும் வகுத்திருந்தது. கழி, வகு இரண்டிலும் இதைக் கட்டாயம் சரிபாருங்கள், கூட்டலிலும் பெருக்கலிலும் வெளியே தெரியாது. சரிசெய்த பிறகு, "60 நம்பர் போட்டா?" என்று கேட்டார். "நீங்களே அடிச்சுப் பாருங்க சித்தப்பா" என்றேன். ஒரு எண்ணை மாற்றினார், 2.362 வந்தது. கணினியே தொடாத மனுஷன் அவர்.

"என்றால்" எப்படி வேலை செய்கிறது? எந்தச் சொல்லைப் படிக்கும்போதும் அதற்கு அடுத்த சொல்லை ஒரு எட்டுப் பாருங்கள். அது "என்றால்" என்றிருந்தால், "முடி" வரைக்கும் உள்ளதை ஓட்டாமல் பட்டியலாக அகராதியில் வையுங்கள். பிறகு அந்தச் சொல் வரும்போது பட்டியலை, சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஓட்டுகிற அதே நிரலிடம் கொடுத்தால் போதும். நிபந்தனையும் சுழற்சியும் இதே உத்திதான்: ஒரு துண்டு நிரலைச் சதுர அடைப்புக்குள் வைத்து, அதையே அடுக்கில் ஒரு பொருளாகப் போட்டுவிடலாம்.

தமிழில் சொல் வைப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சொற்களை எழுத்து எழுத்தாகச் சோதிக்காதீர்கள். "நூல்" பைத்தானுக்கு நான்கு குறிகள்: ந, அதன் துணைக்குறி, ல, புள்ளி. முழுக்க எழுத்துகள்தானா என்று பைத்தானில் அதைச் சோதிக்கிற இஸ்ஆல்ஃபாவிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் துணைக்குறியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்துக் கணக்கில் வராது. இடைவெளியில் வெட்டினால் இந்த வம்பே இல்லை. இரண்டாவது, "தொகை" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், அகராதிக்கு வேறு வேறு. உள்ளே வருகிற வரியை முதலில் என்எஃப்சி என்ற, இரண்டையும் ஒரே குறியாக்குகிற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரே வரி வேலை.

பள்ளிக்கூடத்தில் எழுதுவது மாதிரி 3 + 4 × 2 என்று எழுத ஆசை வந்தால் அப்போது இலக்கணத்துக்குப் போங்கள். 1961இல் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா சொன்ன ஷண்டிங் யார்டு முறை, அந்த வரியை அப்படியே நம் அடுக்கு வரிசைக்கு மாற்றிக் கொடுக்கும். அதனால் இதுவரை எழுதியது எதுவும் வீணாகாது. பைத்தானேகூட உங்கள் நிரலை உள்ளுக்குள் அடுக்கு எந்திரத்தில்தான் ஓட்டுகிறது.

அப்புறம், விடை தெரிந்த கணக்குகளைப் பத்துப் பதினைந்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். என்னுடையதில் இருப்பதெல்லாம் சித்தப்பாவின் பழைய நோட்டில் அவர் கையால் போட்ட பாவுக் கணக்குகள். புதிதாக ஒரு சொல் சேர்க்கும்போதெல்லாம் அந்தக் கோப்பை ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.