மனச்சோர்வின் நாட்களில் கிறிஸ்துவை நோக்கியிருக்க

மனச்சோர்வில் இருக்கும் விசுவாசிக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அவருடைய கண்களை அவருக்குள்ளேயே திருப்பிவிடுகின்றன. 'உன்னை ஆராய்ந்து பார்', 'எங்கே தவறினாய் என்று யோசி', 'விசுவாசத்தைப் பெருக்கிக்கொள்' என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நோய் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும் வேலையும் அதுவே. தன்னையே தோண்டிக்கொண்டிருக்கும் மனத்தின் கையில் அவர்கள் இன்னொரு மண்வெட்டியைக் கொடுக்கிறார்கள். எனவே, என் விசுவாசம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, கிறிஸ்து யார், அவர் என்ன செய்தார் என்பதன் பக்கம் பார்வையைத் திருப்பும் சில சிறிய பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்வதே இந்நாட்களில் செய்யத்தக்கது.

அதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் காட்டியது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகே வந்தது. சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் தூக்கக் குலைவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், அவர் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, உபவாசம் இருப்பதானாலும் மருத்துவரைக் கேட்டே இருக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தனியாக இருக்காதீர்கள். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஆங்கிலேயப் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனின் கதை. 1856 அக்டோபர் 19 அன்று மாலை, இலண்டனின் சர்ரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் அவர் பிரசங்கிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் யாரோ 'தீ' என்று கூச்சலிட, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அடுத்து வந்த நாட்களில் வேதாகமத்தைக் கண்டாலே அவருக்கு அழுகை பீறிட்டது. பிரசங்கியாருக்கே அந்த நிலை! நவம்பர் 2 அன்று மறுபடியும் பிரசங்க மேடை ஏறியவர், தேவன் கிறிஸ்துவை எல்லாவற்றிற்கும் மேலாக உயர்த்தினார் என்னும் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரப் பகுதியையே எடுத்துப் பேசினார். தனக்கு என்ன நேர்ந்தாலும் கிறிஸ்து உயர்த்தப்பட்டவராகவே இருக்கிறார் என்பதே அவரை நிமிர்த்தியது. அதோடு நோய் ஒழிந்துவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் அது வந்து வந்து போயிற்று, அதை அவர் சபையாருக்கு மறைக்கவும் இல்லை.

வேத வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளைக்குப் பத்து வசனங்கள் போதும். 'இது எனக்கு என்ன சொல்கிறது' என்ற வழக்கமான கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் சோர்ந்த மனம் எல்லாக் கண்டனத்தையும் தன் பெயருக்கு வந்த கடிதமாகவே பிரித்துப் படிக்கும். 'இங்கே இயேசு என்ன செய்கிறார்' என்று மட்டும் கேட்டு, விடையை ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். குஷ்டரோகியைத் தொடுகிறார் என்று ஒரு நாள் எழுதுவீர்கள். நான்காம் அதிகாரத்தின் முடிவில், புயலில் தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று எழுத நேரிடும். அன்றைக்கு அவ்வளவுதான், அதிலிருந்து பாடம் எதையும் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் முன்னெச்சரிக்கை தேவை. மூன்றாம் அதிகாரத்தில், பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்திற்கு மன்னிப்பில்லை என்ற வசனம் வரும்; மனச்சோர்வில் இருப்பவர்கள் எத்தனையோ இரவுகளை அந்த ஒரு வசனத்தோடு கழித்திருக்கிறார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். இயேசுவின் செயலைக் கண்ணால் கண்டும் அவருக்கு அசுத்த ஆவி பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களை நோக்கியே அது சொல்லப்பட்டது. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று நடுங்கி அவரையே தேடுகிறவர், அவரை அப்படித் தள்ளிவிட்டவர்களின் கூட்டத்தில் இல்லை.

ஜெபத்துக்குச் சொந்த வார்த்தைகள் வராவிட்டால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரு தகப்பன் கதறியது மாற்கு 9-இல் இருக்கிறது. அதைத் துண்டுச்சீட்டில் எழுதி மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தால், காலையும் இரவும் மாத்திரை எடுக்கும்போது கண்ணில் படும். வாசித்தாலே அது ஜெபம்தான். அதுவும் முடியாத நாளில், இருளிலேயே முடிந்துவிடும் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை 'சந்தோஷமாயிருங்கள்' என்று அதட்டுவதாகத் தோன்றினால், அதை அலமாரிக்குள் வைத்துவிடுவதில் தவறொன்றும் இல்லை.

ஆலயத்துக்குப் போவதை அடியோடு விட்டுவிடாதீர்கள். பக்கவாசலுக்கு அருகில் உட்கார்ந்து, பாட முடியாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம். திருவிருந்தில் அப்பத்தை வாங்கக் கையை நீட்டினால் போதும், உள்ளத்தில் எந்த உணர்ச்சியும் பொங்க வேண்டிய கட்டாயமில்லை. சபையில் ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லி, குறிப்பான உதவியாகக் கேளுங்கள்: 'அண்ணே, எனக்கு அறிவுரை வேண்டாம். செவ்வாய்க்கிழமை இராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி, எனக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்க.' திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு 'அவர்கள் விசுவாசத்தை' கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். கெத்செமனேயில் அவரே, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, கூட விழித்திருக்கும்படி மூன்று பேரைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், உங்கள் அண்ணனும் ஒரு செவ்வாய்க்கிழமை மறந்துபோகக்கூடும். புதன்கிழமை நீங்களே கூப்பிடுங்கள்.

வாசிப்பும் இடையில் நின்றுபோகும். விட்ட நாட்களைக் கணக்குப் பார்த்து ஒரே மூச்சில் ஈடுகட்ட முயல வேண்டாம். நோட்டில் கடைசியாக எழுதிய வரி எதுவென்று பார்த்து, தேதியைப் போட்டு, அதற்கு அடுத்த பத்து வசனங்களைத் திறந்துகொள்ளுங்கள்.