மின் அக்குபங்சர்: முதல் முறை போகிறவர்களுக்கு

வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்கள், கடல்பாசி எடுத்தே இடுப்பு போனவர்கள் என்று பாம்பன் முதல் தொண்டி வரை வலியோடு நடமாடுகிறவர்களுக்குக் குறைவில்லை. மின் அக்குபங்சர் என்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஷாக் அடிக்குமா?” அடிக்காது. மெல்லிய ஊசிகளை உடலில் வைத்து, இரண்டிரண்டாகக் கிளிப் மாட்டி, சிறிய கருவியிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துவார்கள். கருவி பெரும்பாலும் பேட்டரியில் ஓடுவதுதான்.

முதல் வேலை, வலி எதனால் என்று மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது. நாள்பட்ட இடுப்புவலி, மூட்டுத் தேய்மான வலி இவற்றை இந்தச் சிகிச்சை ஓரளவு குறைக்கும். தேய்ந்த மூட்டை வளர்க்காது. கால் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, நெஞ்சு இறுக்கமும் வியர்வையுமாக இடது தோள் வலித்தாலோ நேராக மருத்துவமனைதான். காற்றுக்குழாய் வைத்து ஆழத்தில் சங்கு குளித்துவிட்டு ஏறியதும் மூட்டு வலித்தால் அது ரத்தத்தில் காற்றுக்குமிழி சேர்ந்ததாக இருக்கலாம். அதை ஊசியால் சரிசெய்ய முடியாது. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அடுத்து, ஆளைத் தேர்ந்தெடுப்பது. 2019இல் மத்திய அரசு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதற்காகப் பலகை மாட்டிய எல்லோரும் தேர்ந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். என்ன படித்தார், எங்கே படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது. வலிப்பு நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரையால் மரத்துப்போன பாதம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். உப்புப் போகக் குளித்து, தளர்வாக உடுத்துங்கள். பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் கடலடிப் பாறை கீறத்தான் செய்யும். கீறல், மீன்முள் குத்திய இடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். புண் உள்ள இடத்தில் ஊசி வைக்கக் கூடாது.

இனி படுக்கையில். முழங்கால் வலி என்றால், முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அகலம் தள்ளி ஓர் ஊசி பெரும்பாலும் இருக்கும். குத்தும்போது எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று ஒரு நொடி, பிறகு உள்ளே ஒரு கனம். கருவியின் குமிழ் சுழியத்தில் இருக்கும்போதுதான் கிளிப் மாட்ட வேண்டும், அதைக் கவனியுங்கள். குமிழை மெல்லத் திருப்பும்போது முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு யாரோ உள்ளிருந்து விரலால் தட்டுவது தெரியும். நொடிக்கு இரண்டு துடிப்பு வைத்தால் தசை தானாகத் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். நூறு வைத்தால் தட்டல் மறைந்து, இடைவிடாத குறுகுறுப்பாகிவிடும். வலிக்கத் தொடங்குமுன்பே “போதும்” என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துத் தாங்கினால் பலன் கூடும் என்ற நினைப்பு நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது, அது தவறு. சில நிமிடங்களில் பழகிப்போய்த் துடிப்பு குறைந்ததுபோல் தோன்றும். அப்போது கொஞ்சம் கூட்டச் சொல்லலாம். நெஞ்சுக்குக் குறுக்கே மின்னோட்டம் போகும்படியோ கழுத்தின் முன்பக்கமோ கிளிப் மாட்ட வந்தால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

முடிந்ததும் ஒரு சொட்டு ரத்தமோ சிறு கன்றலோ இருந்தால் பயமில்லை. மேல்முதுகில் ஊசி வைத்தபின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலில் ஊசி பட்டிருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் நடப்பதுண்டு. சிலருக்குத் தூக்கம் தள்ளும். அதனால் அன்றிரவு கடலுக்குப் போக வேண்டாம்.

வாரம் ஒன்றிரண்டு முறையாகச் சில வாரம் போக வேண்டியிருக்கும். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்குத் தோதானது. நாட்டுப்படகுக்காரர்கள் காற்று மிஞ்சிக் கரையில் நிற்கும் நாட்களாகப் பார்த்துத் தேதி வாங்கிக்கொள்ளலாம்.