அட்டைப்பெட்டியில் சென்டெனாரியோ: உருகுவே அணியின் ஸ்டேடியத்தை வீட்டிலேயே செய்யலாம்

கால்பந்து உலகக்கோப்பை வந்தால் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஒரு தெரு பிரேசில், அடுத்த தெரு அர்ஜென்டினா. கொடி, பேனர் எல்லாம் அந்த இரண்டு அணிக்குத்தான். முதல் உலகக்கோப்பையை வென்ற உருகுவேயைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 35 லட்சம், நம் சென்னையைவிடக் குறைவு. அந்த அணி சொந்த மண்ணில் ஆடும் இடம், மான்டிவிடியோ நகரில் உள்ள சென்டெனாரியோ. அதை அட்டையில் செய்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒவ்வொரு கேலரியின் பெயரைச் சொல்லும்போதும் அணியின் கதை தானாக வந்தது. இதுவரை எதுவும் செய்து பழகாதவர்களும் இதைச் செய்யலாம்.

வேண்டியவை

மளிகைக்கடையில் கேட்டால் கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டிகள் நான்கைந்து, ஒரு ஊதுபத்திப் பெட்டி, ஃபெவிகால், கட்டர், இரண்டு ஆணி, நூல், தீக்குச்சி, கொசுவலைத் துண்டு, போஸ்டர் கலர். பச்சைத் தாளும் சார்ட்டும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எல்லா நிறத்திலும் கிடைக்கும். தெர்மாகோல் வேண்டாம். முதல் தடவை அதில் செய்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், ஒரு பக்க கேலரி முழுக்கக் கரைந்து குழியாகிவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

1. அளவு

நிஜத்தில் 5 மீட்டர் என்றால் நமக்கு 1 செ.மீ. ஆடுகளம் 105 × 68 மீட்டர், அதாவது 21 × 13.6 செ.மீ. பச்சைத் தாளை அந்த அளவுக்கு வெட்டி, 45 × 40 செ.மீ. அடிப்பலகையின் நடுவில் ஒட்டுங்கள். கோடுகளை வெள்ளைப் பேனாவால் போடலாம்.

2. முட்டை வடிவம்

பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள், ஆனால் வழி சுலபம். ஓர் அட்டையில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். ஆணிக்கு ஆணி 30 செ.மீ. நூல் இருக்கும்படி இரண்டு முனையையும் கட்டுங்கள். பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தால், ஆடுகளம் உள்ளே அடங்கும் அழகான நீள்வட்டம் வரும். நூல் தொய்ந்தால் கோடு நெளியும், கவனம்.

அதே ஆணிகளில் நூலை 40 செ.மீ. ஆக்கி வெளிக்கோட்டையும் வரையுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருப்பதுதான் முதல் அடுக்கு. மொத்தம் ஐந்து அடுக்கு. வெளிக்கோடு எல்லாவற்றுக்கும் 40தான். உள்கோட்டுக்கு மட்டும் நூலை 30, 32, 34, 36, 38 என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படிக்கட்டு வந்துவிடும். கட்டர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். நம் பக்கம் கடற்காற்றில் ஈரம் அதிகம், அதனால் ஒவ்வோர் அடுக்கையும் ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காயவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள்.

3. நான்கு கேலரி

காய்ந்த வளையத்தை நான்கு மூலையிலும் வெட்டி நான்கு துண்டாக்குங்கள். ஆடுகளத்தின் நீளப் பக்கம் ஒன்றில் ஒலிம்பிக்கா, எதிரே அமெரிக்கா. கோல் போஸ்டுகளுக்குப் பின்னால் கொலோம்ப், ஆம்ஸ்டர்டாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் 'கொலம்பஸா அண்ணா?' என்று கேட்டான். இல்லை, கொலோம்ப் பாரிஸுக்குப் பக்கத்து ஊர். 1924 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் சுவிட்சர்லாந்தை 3-0 என்று உருகுவே வென்றது அங்கேதான். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் மறுபடியும் தங்கம். எங்கோ ஐரோப்பாவில் ஜெயித்த இரண்டு ஊர்களையும் தங்கள் கேலரிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த ஸ்டேடியத்தில் மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பெயரையும் ஆண்டையும் பிள்ளைகள் கையாலேயே எழுத வையுங்கள்.

4. கோபுரம்

ஒலிம்பிக்காவுக்குப் பின்னால் 100 மீட்டர் கோபுரம் நிற்கிறது. நமக்கு 20 செ.மீ. ஊதுபத்திப் பெட்டியை அந்த உயரத்துக்கு வெட்டி, வெள்ளை பூசி நிறுத்துங்கள். 'சென்டெனாரியோ' என்றால் நூற்றாண்டு. உருகுவேயின் முதல் அரசியலமைப்புச் சட்டத்துக்கு நூறு வயதான 1930 ஜூலை 18 அன்று ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். முதல் உலகக்கோப்பை அதே மாதம் 13ஆம் தேதியே தொடங்கிவிட்டது, மழையால் கட்டட வேலை தள்ளிப்போயிருந்தது. கோபுரத்தின் உச்சியில் கொடி நடுங்கள்: வெள்ளை ஐந்து, நீலம் நான்கு, ஆக ஒன்பது பட்டை, மூலையில் சூரியன்.

5. கோல் போஸ்ட்

தீக்குச்சியில் அகலம் 1.5 செ.மீ., உயரம் அரை செ.மீ. பின்னால் கொசுவலை.

6. ஆட்டக்காரர்கள்

இந்த அளவுக்கு மனிதன் 3.5 மி.மீ.தான், அதனால் கடுகு போதும். பதினொன்றுக்கு வான்நீலம், பதினொன்றுக்கு வெள்ளை பூசுங்கள். வெள்ளை அர்ஜென்டினா, ஏனென்றால் நாம் அடுக்கப்போவது 1930 ஜூலை 30, இறுதிப் போட்டி. நீலத்தில் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், அது எக்டர் காஸ்ட்ரோ. சிறுவயதில் மின்ரம்பத்தில் வலது முன்கையை இழந்தவர். இந்த ஸ்டேடியத்தில் விழுந்த முதல் கோலே அவருடையது, பெருவுக்கு எதிராக.

பந்துக்கு ரவை, இரண்டு மணி. அன்று எந்த நாட்டுப் பந்தில் ஆடுவது என்று தகராறு வந்து, பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அர்ஜென்டினா பந்தில் ஆடிய முதல் பாதியில் அவர்கள் 2-1 முன்னிலை. அந்த ரவையைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். அப்புறம் இரண்டாவது ரவையை வெள்ளை அணியின் வலைக்குள் வைத்து, காஸ்ட்ரோவை அதன் எதிரே நிறுத்துங்கள். ஆட்டம் முடியும் நேரம், 4-2.