மாயன் குறிகளை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அமெரிக்காவின் பண்டைய மாயன் எழுத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கியவர்கள், குறிக்கு ஓர் அட்டை வீதம் எண்ணித் தொகுத்த தங்கள் பட்டியலைக் காட்டும்போதெல்லாம், நான் ஆரம்பத்தில் செய்த பிழைகளை அதே வரிசையில் பார்க்கிறேன். இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்க வேண்டிய பத்திகளை மாற்றிப் படிப்பது போன்றவை சில வாரங்களில் தாமே சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

கலந்த குறியைப் புதுக் குறியாக எண்ணுவது

மாயன் எழுத்தர்கள் இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைப்பார்கள். ஒன்றின் உள்ளே மற்றொன்றைப் பொதிப்பார்கள். இரண்டையும் ஒரே உருவாகக் கலந்தும் வரைவார்கள். எப்படி வரைந்தாலும் வாசிப்பு மாறாது.

கி.பி. 684 முதல் 702 வரை பலெங்கே என்ற மாயன் நகரை ஆண்டவர் கான் பஹ்லம். கான் என்றால் பாம்பு. பஹ்லம் என்றால் ஜாகுவார். அவர் பெயரைப் பாம்பின் கூறுகள் கலந்த ஒற்றை ஜாகுவார் தலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நான் அதற்கு 'வேறு வகை ஜாகுவார்' என்று தலைப்பிட்டுத் தனி அட்டை போட்டேன். இதே போலப் பல அட்டைகள் சேர்ந்தன. அவற்றை வைத்து நான்கு மாதம் எண்ணிக்கை எடுத்தேன். அத்தனையையும் கிழித்துப்போட வேண்டியதாயிற்று. பாம்பை என் கையாலேயே வரைந்துவிட்டு அதைப் பார்க்காமல் விட்டது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இதை ஒரு அட்டையோடு போகும் இழப்பு என்று நினைக்காதீர்கள். ஓர் எழுத்துமுறையில் முப்பது குறிகள் இருந்தால் அது ஒலிக்கொரு எழுத்துள்ள அகரவரிசை. நூறை ஒட்டி இருந்தால் அசையெழுத்து. பல நூறு இருந்தால் சொற்குறிகளும் அசைக்குறிகளும் கலந்தது. இந்த முடிவே எண்ணிக்கையை நம்பித்தான் நிற்கிறது. ஒரு கலப்பைத் தனிக் குறியாக எண்ணினால் மொத்தத்தில் ஒன்று கூடும். உண்மையான இரண்டு குறிகளின் வருகையிலும் ஒவ்வொன்று குறையும்.

ஆகவே புது எண் கொடுக்கும் முன், அதே சொல் பிரித்து எழுதப்பட்ட இடத்தைத் தேடுங்கள். பஹ்லம் என்பதை ப-ல-ம என்று அசைகளாலும் எழுதினார்கள். ஜாகுவார் தலையோடு 'ம' என்ற அசையைத் துணையாகச் சேர்த்தும் எழுதினார்கள். அந்தத் துணை அசை கலப்புக்குள் இருப்பது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே குறியை இரண்டாக உடைப்பது

மேலே சொன்னதைக் கேட்டவுடன் சிலர் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அரசர் பட்டங்களின் மேல் அமரும் ஒரு குறியைப் பழைய அறிஞர்கள் 'பென்', 'இச்' என்று இரு துண்டுகளாகப் பார்த்தார்கள். அது முழுவதும் சேர்ந்து 'அஹாவ்', அதாவது அரசன், என்று மொழியியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி 1973இல் காட்டினார்.

தாம்சன் எண்ணை ஒலியாக நம்புவது

மாயன் ஆய்வாளர் எரிக் தாம்சன் 1962இல் தம் குறிகளின் பட்டியலில் கொடுத்த எண்கள் வடிவத்துக்கான அடையாளங்கள். 528ஆம் குறி ஓரிடத்தில் மாயன் நாட்காட்டியின் கவாக் என்ற நாள்; வேறிடத்தில் 'துன்', கல்; இன்னோரிடத்தில் 'கு' என்ற அசை. கீழே 'நி' இருந்தால் 'துன்' என்று படியுங்கள். வான்கோழிப் படத்துக்கு மேல் 'த்சு' அசையோடு வந்தால் 'குத்ஸ்', வான்கோழி.

இடத்தை வைத்து வகை பிரிப்பது

ஒட்டு (ஓரத்தில் உள்ள சிறு குறி), மையம் (நடுவில் உள்ள பெரிய குறி) என்பதெல்லாம் கட்டத்துக்குள் குறி அமரும் இடம் மட்டுமே.

முகவடிவம்

ஒரு குறியை முகமாக வரைந்திருந்தாலும் அது அதே குறிதான். புது அட்டை வேண்டாம்.